ஞாயிறு காலை 10.10

ஜூலை 6

அப்பாவுக்கு,

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். பிரார்த்தனைக் கூடத்தின் செயலாளர் ஒரு பெரிய உறை அனுப்பியிருக்கிறார், அதனால்தான். செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை காலை, உங்களுக்குப் பாராட்டு விழாவாம். மலர் ஒன்று அச்சிடுகிறார்களாம். "இசை, இறைப்பணி, பொதுப்பணி" என்ற தலைப்பில் உங்கள் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் நான் எழுதித் தர வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் மகள் எழுதினால் சபைக்குப் பெருமை என்கிறார். நான் புள்ளியியல் கற்பிக்கிறேன், பாராட்டுரை எழுதுவதில்லை என்று பதில் போட்டேன். "அப்பாவே உங்க பேரைச் சொன்னார்" என்று திரும்ப எழுதினார்.

நீங்கள் ஏன் என் பெயரைச் சொன்னீர்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சமாதானத்துக்காகவா, அல்லது நான் மறுத்தால் அதையும் நாலு பேரிடம் சொல்லலாம் என்றா?

போகட்டும். எழுதுவதென்றால் சரியாக எழுத வேண்டும். குறிப்புகளைப் படித்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. ஐம்பத்தொரு ஆண்டுகளாகக் கூடத்தின் மிதி ஆர்மோனியம். முப்பது ஆண்டுகளாக மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் வாரம் ஒரு நாள் பாட்டு. ஓய்வுக்குப் பிறகு வார்டு குறைதீர்ப்புக் குழு. கடைசியாகச் செயலாளர் அடிக்கோடிட்டு எழுதியிருப்பது: "ஐம்பத்தொரு ஆண்டுகளில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை." சாட்சிக்கு வருகைப் பதிவேட்டின் நகல்.

ஒரு மனிதனுக்கு ஐம்பத்தொரு ஆண்டுகளில் ஒரு ஞாயிறுகூடக் காய்ச்சல் வராது என்றால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். இது உண்மைதானா என்று எழுதுங்கள். போனில் வேண்டாம். போனில் கேட்டால் பாட ஆரம்பித்துவிடுவீர்கள்.

மகள்

ஜூலை 15

என் அன்பு இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் தபால்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "என்ன சார், நல்ல சேதியா?" என்றார். "சம்மன் மாதிரி இருக்கு, ஆனா எம் பொண்ணு" என்றேன்.

காய்ச்சல் வந்தது. அம்மை வந்தது. ஒரு முறை கணுக்கால் பிசகி, ஒற்றைக் காலால் மிதித்து வாசித்தேன். தாளம் தவறியது, ஞாயிறு தவறவில்லை. நீ பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே கூடத்துக்குப் போனேன். உன் அம்மா அதைக் கடைசிவரை குத்திக்காட்டினாள். இதையெல்லாம் எழுதிக்கொள், படிக்க நன்றாயிருக்கும்.

இசை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. கூடத்தைப் பெருக்கும் வேலைக்குப் போனவன், ஆள் இல்லாத நேரத்தில் மிதித்துப் பார்த்தேன். சத்தம் வந்தது. கடவுள் இருக்கிறார் என்று அன்றுதான் நினைத்தேன். இல்லாவிட்டால் தோலும் பலகையும் எப்படிப் பாடும்? நீ சிரிப்பாய். சிரி.

தண்ணீர் வேலை சாப்பாட்டுக்காக வந்தது, பிறகு அதுவும் வழிபாடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஊர் முழுக்கக் காலையில் எழுந்து குழாயைத் திறக்கிறது, ஒருவரும் நம்மை நினைப்பதில்லை. நினைக்காமல் இருந்தால்தான் நாம் சரியாக வேலை செய்கிறோம் என்று அர்த்தம். இந்த வரியைப் போட்டுக்கொள், நானே யோசித்தது.

மற்றபடி ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உனக்கு மட்டும் ஏன் பதிவேடு தேவைப்படுகிறது?

உன் பெயரை ஏன் சொன்னேன் என்று கேட்டாய். வேறு யார் பெயரைச் சொல்வேன், நீயே சொல்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

ஜூலை 27

அப்பாவுக்கு,

எனக்குப் பதிவேடு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

பொதுப்பணி என்ற பகுதிக்கு எங்கள் நூலகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பழைய நகராட்சி அறிக்கைகள் கீழ்த்தளத்தில் கிடக்கின்றன. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதத்தில், மூன்றாவது வார்டிலும் நான்காவது வார்டிலும் தண்ணீரால் வயிற்றுப்போக்கு பரவியது பற்றிய விசாரணை அறிக்கை அதில் இருந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. "தண்ணீரைக் காய்ச்சிக் குடி" என்று அம்மா எனக்கு எழுதினார். இங்கே நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று யோசித்தது நினைவிருக்கிறது. நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

நான்கு பேர் இறந்திருக்கிறார்கள், இரண்டு பேர் குழந்தைகள். எனக்கு இது தெரியாது.

அறிக்கையின் பின்னிணைப்பில் குளோரின் சோதனைப் பதிவேட்டின் பக்கங்கள் அப்படியே அச்சாகியிருக்கின்றன. நிலைய அலுவலர் நேரில் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று தலைப்பிலேயே விதி இருக்கிறது. அலுவலர் நீங்கள். சம்பவத்துக்குக் காரணமான ஞாயிற்றுக்கிழமை: "காலை 10.10. குளோரின் சரி." கீழே உங்கள் கையெழுத்து. அந்த 'ர்' எனக்குத் தெரியும், வால் நீண்டிருக்கும்.

கூடத்து வருகைப் பதிவேட்டில் அதே ஞாயிறு: "ஆர்மோனியம் — வந்தார். 9.30 முதல் 11 வரை."

கூடத்துக்கும் நிலையத்துக்கும் நேரே பார்த்தால் பக்கம்தான். ஆனால் இடையில் ரயில் பாதை. சாலையில் சுற்றிப் போனால் நாற்பது நிமிடம். அந்த ஒரு ஞாயிறு மட்டுமல்ல, பின்னிணைப்பில் உள்ள பதினோரு ஞாயிறுகளும் இப்படித்தான்.

ஆக இரண்டில் ஒன்று பொய். கூடத்துப் பதிவேட்டை எழுதியது குயிலக்கா. முன்வரிசையில் நின்று தனிக்குரலில் பாடுவார்களே, அவர்கள்தான். உங்களுக்காக அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அம்மா போன மறுநாள் அதைத்தான் சொன்னேன். "நீங்க வாசிக்கும்போது ஆர்மோனியத்துக்கு மேல இருக்கற கண்ணாடியில யாரைப் பார்த்துட்டிருந்தீங்கன்னு அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." அன்று நீங்கள் மறுக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

எது பொய் என்று சொல்லுங்கள். அதுவரை நான் ஒரு வரியும் எழுத முடியாது.

மகள்

ஆகஸ்ட் 5

மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

அந்தக் காலத்துக் கடிகாரங்கள் முன்னே பின்னே ஓடும். நேரத்தைத் தோராயமாகப் போடுவோம். விசாரணைக் குழுவில் மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள், அவர்களே தீர விசாரித்து என்னைக் குற்றமில்லாதவன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் படித்தாயா, அல்லது உனக்கு வேண்டியதை மட்டும் படித்தாயா?

கண்ணாடியைப் பற்றி மறுபடி எழுதிவிட்டாய். சரி. நீ சொன்னதே உண்மை என்று வைத்துக்கொள். கண்ணாடியில் குயிலக்காவைத்தான் பார்த்தேன். பார்த்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்களுக்கே தெரியாது. இப்போது அவர்கள் மகன் வீட்டில் இருக்கிறார்கள், ஆள் அடையாளம் தெரிவதில்லை, அவர்களைப் போய்க் குடையாதே. இந்த வயதில் மகளிடம் இதை எழுத வைத்துவிட்டாய். போதுமா?

இனி இந்தப் பேச்சு வேண்டாம். மலருக்கு எழுத இஷ்டம் இருந்தால் எழுது, இல்லையென்றால் செயலாளரே ஏதாவது எழுதிக்கொள்வார்.

அப்பா

ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

முப்பது ஆண்டுகளாக ஆதாரமில்லாமல் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியதும் அதை என்னால் நம்ப முடியவில்லை.

இவ்வளவு சுலபமாக நீங்கள் எதையும் ஒப்புக்கொண்டவரல்ல. பக்கத்து வீட்டுச் செடியை நம் பூனை கிளறியதைக்கூட ஒப்புக்கொள்ளாதவர். நான் பதிவேட்டைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் கண்ணாடியைப் பற்றி விடை சொல்கிறீர்கள். மாணவர்கள் தெரியாத கேள்விக்குப் பக்கத்துக் கேள்வியின் விடையை எழுதுவார்கள். எனக்கு அது பழக்கம்.

அதனால் உட்கார்ந்து யோசித்தேன். பன்னிரண்டு வயதில் ஆர்மோனியத்தைத் துடைப்பது என் வேலை. உங்கள் முக்காலியில் ஏறி உட்கார்ந்துதான் மேல்பலகையைத் துடைப்பேன். நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்ததால், சபை எழுவதும் உட்காருவதும் தெரியட்டும் என்று அந்தக் கண்ணாடியை மாட்டினார்கள். ஆனால் அதில் சபை தெரியாது. முன்வரிசை தெரியவே தெரியாது. கண்ணாடி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பின்சுவரின் உயரமான ஜன்னல் தெரியும், ஜன்னலுக்குள் ரயில் பாதைக்கு அப்பால் உங்கள் நிலையத்தின் மேல்நிலைத் தொட்டி தெரியும். ஒரு முறை அதை நேராக்கி வைத்தேன், நீங்கள் என்னைத் திட்டினீர்கள். நீங்கள் என்னைத் திட்டியது வாழ்நாளில் நான்கைந்து முறைதான், அதனால் மறக்கவில்லை.

பதினாறு வயதில் நான் பார்த்தது உங்கள் முகத்தை மட்டும். மூன்றாவது பாட்டின்போது கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பீர்கள், உடனே முகம் தெளியும். அந்த நேரத்தில் குயிலக்கா பாடிக்கொண்டிருப்பார்கள். நான் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டேன். மூன்றாவது பாட்டு எத்தனை மணிக்கு வரும் என்று அன்று யோசிக்கவில்லை. இப்போது யோசித்தேன். பத்து அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கூடத்தில் பழைய சிவப்புத் திரையை மாற்றியபோது அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி வந்து அம்மா ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இது?"

"தண்ணிக்கு."

"துணியா? தண்ணிக்கா?"

"ஆமா. போய்ப் படி."

அதே சிவப்பை நான் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை பார்த்தவர் ஒருவர், நெட்டையாக, கழுத்து நீண்டு இருப்பார். ஒட்டகம் என்பீர்கள். விசாரணையில் வேலையிழந்தவர் "இயந்திர இயக்குநர், அனுமதியின்றிப் பணிக்கு வராதவர்" என்று அறிக்கை சொல்கிறது. அவர்தானா?

கண்ணாடியில் எதைப் பார்த்தீர்கள்?

மகள்

ஆகஸ்ட் 26

மகளே,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

துணியைத்தான் பார்த்தேன்.

எனக்கு நாற்பது வயதில் நிலைய அலுவலர் பதவி வந்தது. தொட்டி காலை பத்து மணிக்கு நிறையும், பத்தரைக்குக் காவலாளி வால்வைத் திறப்பான், ஊருக்குப் போய்விடும். அந்த இடைவெளியில் நான் சோதிக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து நாலு சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, வராவிட்டால் வால்வைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. வாரத்தில் ஆறு நாள் நான் செய்தேன். ஏழாவது நாள் ஆர்மோனியம். எனக்கு மாற்றாக வாசிக்க ஒருவரும் இல்லை. என்ன செய்வதென்று கடவுளிடம் கேட்டேன். மேலதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஒட்டகம் கெட்டிக்காரன். நான் செய்வதைப் பார்த்தே சோதனையைக் கற்றுக்கொண்டான். "ஐயா நீங்க போய் வாசிங்க. மஞ்சள் வந்துச்சுன்னா நான் மேல ஏறித் துணியைக் கட்டுறேன். வரலைன்னா கட்ட மாட்டேன், வால்வையும் திறக்க விட மாட்டேன், நீங்க ஓடி வந்துடுங்க" என்றான். தூரத்திலிருந்து சிவப்புதான் தெரிந்தது. உலகத்துக்கெல்லாம் சிவப்பு என்றால் ஆபத்து. எங்கள் இருவருக்கும் மட்டும் சிவப்பு என்றால் சுகம். உன் அம்மா ஓரம் அடித்துக் கொடுத்தாள். கண்ணாடியை நான் சாய்த்து வைத்தேன். ஏழு ஆண்டுகள் ஒரு பிசகும் இல்லை. துணியைப் பார்ப்பேன், மனது லேசாகும், வாசிப்பேன், திங்கள் காலை பதிவேட்டில் 10.10 என்று போட்டுக் கையெழுத்திடுவேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஒத்திகை. பெரிய ஆராதனைக்காகப் புதுப் பாட்டு. வாசிப்பின் நடுவில் ஒட்டகம் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, ஊர்ல வீட்டுக்காரிக்கு வலி எடுத்திருக்காம். ராத்திரி வண்டியில போகணும். நாளைக்கு ஒருநாள்…"

"போயிட்டு வா, போயிட்டு வா."

"மாத்தாளுக்கு நீங்க சொல்லிட்டீங்கன்னா…"

தலையசைத்தேன். கால் மிதியிலேயே இருந்தது. பாட்டு முடிவதற்குள் மறந்துவிட்டேன். இது சாக்கு அல்ல, நடந்தது இதுதான்.

முந்தைய ஞாயிறு புயல் மழை. துணி நனைந்து கம்பியில் முறுக்கிக்கொண்டதால் காய்ந்ததும் அவிழ்க்கலாம் என்று அப்படியே விட்டிருக்கிறான். அலுவலகப் பக்கமிருந்து அது தெரியாது. சனிக்கிழமை இரவு குளோரின் உருளை தீர்ந்துபோனது. மாற்ற ஆள் இல்லை. ஞாயிறு மூன்றாவது பாட்டில் நிமிர்ந்தேன். சிவப்பு இருந்தது. வாசித்தேன். காவலாளி தடுக்க ஆளில்லாமல் எப்போதும்போல் வால்வைத் திறந்தான். திங்கள் கையெழுத்திட்டேன். செவ்வாய் மதியம் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது.

விசாரணையில் ஒட்டகம், "ஐயா வாய்மொழியா லீவு குடுத்தாங்க" என்றான். குழு என்னைப் பார்த்தது. "நினைவில்லை" என்றேன். பதிவேட்டில் காலைச் சோதனை சரி என்று இருந்ததால், அதற்குப் பிறகுதான் கோளாறு, பொறுப்பில் இருக்க வேண்டியவன் அனுமதியில்லாமல் போய்விட்டான் என்று எழுதினார்கள். துணியைப் பற்றி அவன் சொல்லவே இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான் போலும்.

நீ கண்ணாடியையும் குயிலக்காவையும் இணைத்துப் பேசியபோது வாயை மூடிக்கொண்டேன். அது சின்னப் பாவம். அதையே நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவளும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அப்பா

செப்டம்பர் 5

அப்பாவுக்கு,

அம்மா முப்பது ஆண்டுகளாகக் குடிநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் குழாயைத் திறந்து குடித்தபோது, சுத்திகரிப்பு நிலைய அலுவலர் வீட்டில் மட்டும் காய்ச்சிய தண்ணீர். சிக்கனமில்லாதவர் என்று அவரை நான் கேலி செய்திருக்கிறேன்.

உங்களை மன்னிக்கும் இடத்தில் நான் இல்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. குழந்தைகள் பிரிவில் ஏன் பாட ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது. அந்தத் தாய்மார்கள் உங்களை நல்ல மனிதர் என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் நல்ல மனிதர்தானோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னும் ஓர் இடம் இடிக்கிறது. ஒத்திகை சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு நடக்கும். நானும் பாடியிருக்கிறேன். மார்ச் மாதத்தில் ஐந்து மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். துணி ஒரு வாரமாகக் கம்பியில் இருந்தது என்றால், சனிக்கிழமையும் கண்ணாடியில் இருந்திருக்க வேண்டும். ஞாயிறு மட்டுமே வர வேண்டிய துணி, சனிக்கிழமை. நீங்கள் பார்க்கவில்லையா?

பார்க்கவில்லை என்று எழுதினால் நம்ப முயற்சி செய்வேன். முடியுமா என்று தெரியாது.

ஒட்டகம் உயிரோடு இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்? அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்று நீங்கள் ஒரு சொல்கூட எழுதாததைக் கவனித்தேன்.

மலருக்கான பக்கத்தை எழுதி இணைத்திருக்கிறேன். மிதித்துப் பார்த்ததும் சத்தம் வந்த நாள் அதில் இருக்கிறது. ஒற்றைக் காலால் வாசித்தது இருக்கிறது. துணியும் இருக்கிறது. "நினைவில்லை" என்ற சொல்லும் இருக்கிறது. செயலாளருக்கு நான் அனுப்பப் போவதில்லை. உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் பாடு.

கொடுக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் 22ஆம் தேதி நான் வரமாட்டேன்.

மகள்

செப்டம்பர் 22, ஞாயிறு

மகளே,

பார்த்தேன். சனிக்கிழமை மாலையே பார்த்தேன். "என்ன இது, இன்றைக்கே தொங்குகிறது" என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த அடி கடினமான இடம், விரல் அங்கே போய்விட்டது. ஞாயிறு அதே துணியைப் பார்த்தபோது, அது நேற்றும் இருந்ததென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனதை லேசாக்கிக்கொண்டேன். எழுந்து போயிருந்தால் நாற்பது நிமிடம். தண்டவாளத்தைத் தாண்டி ஓடியிருந்தால் பத்து நிமிடம். பத்தரைக்குள் போயிருப்பேன். இதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. கடவுளிடம் சொன்னேன், அவர் யாரிடமும் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில்.

உன் பக்கத்தைப் புதன்கிழமை செயலாளரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்தார். "ஐயா, இதை எப்படி அச்சிடுறது? அழைப்பிதழெல்லாம் போயாச்சே. உங்க பொண்ணு உங்க மேல ஏதோ கோபத்துல…" என்றார். "அவ கோபத்துல எழுதினா இதைவிட நல்லா எழுதுவா" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். கூடத்து வழியில் இல்லை. ஒட்டகம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறான். எனக்கு இது இருபது ஆண்டுகளாகத் தெரியும். அந்தத் தெருவுக்குள் போக வேண்டி வந்தால் சுற்றிப் போவேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, கழுத்து அப்படியே இருக்கிறது.

"யாரு, ஆர்மோனியம் ஐயாவா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சே. வழி தவறிட்டீங்களா?"

"இல்லப்பா. உன்னைப் பார்க்கத்தான்."

"உங்களுக்கு விழான்னு போஸ்டரை என் கடைச் சுவத்துலயே ஒட்டிட்டுப் போனாங்க. நானும் கிழிக்கல. கிழிச்சா, அந்தப் பழைய ஆத்திரத்துல கிழிச்சான்னு பேசுவாங்க." ஒரு பூட்டை எடுத்து அராவிக்கொண்டே பேசினான். "சாவி ஏதும் தொலைஞ்சுதா?"

சொன்னேன். சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்வரை சொன்னேன். அரத்தை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டான்:

"யார் அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை."

"பொண்ணா? சின்ன வயசுலயே துருவித் துருவிக் கேக்கும். 'துணி எதுக்கு மாமா'ன்னு என்னையும் கேட்டுச்சு. கொடின்னு சொன்னேன். எந்த நாட்டுக் கொடின்னு கேட்டுச்சு." சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். "எம் பொண்ணுக்கு முப்பத்தொண்ணு ஆகுது. பொறந்த தேதியை நான் மறந்தாக்கூட உங்க அறிக்கையைப் பார்த்துச் சொல்லிடலாம்."

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"அதெல்லாம் உங்க கூடத்துல கேளுங்க ஐயா. அங்கதான் குடுப்பாங்க. வாய்ல சொன்னதை நம்பி ஒருதடவை வண்டி ஏறினவன் நான். எனக்கு எழுத்துல வேணும்."

மேசை இழுப்பறையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்து வைத்தான். நகராட்சி ஆணையருக்கு எழுதினேன். அவன் தோளுக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "வாய்மொழியாக விடுப்புக் கொடுத்தது நான்" என்று எழுதியதும், "மாத்தாள் கேட்டதையும் போடுங்க" என்றான். போட்டேன். ஞாயிறு சோதனைகளைச் செய்தது அவன், கையெழுத்து என்னுடையது என்று எழுதினேன். "ஏழு வருசம்னு போடுங்க." போட்டேன். கையெழுத்திட்டுத் தேதி போட்டபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"நேரம்?"

சுவரில் கடிகாரம் இருந்தது. பார்த்து எழுதினேன். பிறகு அவன் தன் பேனாவால் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டான். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. எனக்கு நாக்கு வறண்டிருந்தது. கேட்க வாய் வரவில்லை.

ஞாயிறுகளுக்கு நான் போட்ட நேரங்களிலேயே, கடிகாரத்தைப் பார்த்துப் போட்டது இது ஒன்றுதான்.

தெருமுனைத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூடத்தில் இந்நேரம் யார் வாசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. யாரும் வாசிக்காமல் வெறும் வாயால் பாடுவார்கள். பாடினால் என்ன, பாட்டு வரத்தான் செய்யும். இது முன்பே தெரிந்திருக்கலாம்.

மூலத்தை அவனே நாளைக்கு ஆணையரிடம் கொடுக்கப் போகிறான். என்னிடம் கொடுத்து அனுப்ப அவனுக்கு நம்பிக்கையில்லை. நீயும் வெறும் சொல்லை நம்பமாட்டாய் என்று நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் நன்றாகச் சேர்ந்தீர்கள்.

அப்பா

அக்டோபர் 1

அப்பாவுக்கு,

கடிதமும் நகலும் கிடைத்தன. செயலாளருக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தேன், அவருடைய பதிலும் இன்று வந்தது. விழா நடக்கவில்லை என்கிறார். மலரில் என் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கூடத்தின் புகைப்படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆர்மோனியத்தின் மூடி அன்று முழுக்கத் திறக்கப்படவில்லையாம். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கினேன். "ஆர்மோனியம் — வரவில்லை" என்று இருக்கிறது. ஐம்பத்தொரு ஆண்டுகளில் அந்தச் சொல் அந்தக் கட்டத்தில் முதன்முறையாக எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் மனுவில் நேரம் 9.52 என்று இருக்கிறது.

மனுவையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போகின்றன.

பத்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். ரயில் நிலையத்துக்கு வர வேண்டாம். பூட்டுக் கடைக்கு வழி எனக்குத் தெரியும், முதலில் அங்கே போய்விட்டு வீட்டுக்கு வருகிறேன்.

மகள்